டைம் கீப்பர் ராசியப்பனின் செவ்வாயும் வெள்ளியும்

என் அப்பா செத்து மூன்று வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நாலு மணி ஐம்பது நிமிஷத்துக்கு, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற மாவு மில்லின் மாடியிலிருந்து, சந்தன நிறக் கைத்தறிச் சேலையும் தோளில் துணிப்பையுமாக இறங்கி வந்து, மூன்றாவது நடைமேடை வழியாக நடந்து போனார். டீக்கடை நாச்சிமுத்து அண்ணன் ஒன்றும் கேட்காமல் சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டு நீட்டினார், தாராபுரம் வண்டி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து தன் மகளுக்கு வரன் தட்டிப்போகிற கதையைச் சொல்ல ஆரம்பித்தார், டைம் ஆபீசில் புதிதாக வேலைக்கு வந்திருந்தவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். யாரும் கத்தவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. "ரொம்ப நாளா ஆளயே காணமுங்களே" என்று இரண்டொருவர் கேட்டதோடு சரி. சேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, ரிட்டயர் ஆனவர் எதை உடுத்தினால் நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்த முகத்தை இரண்டு வருஷம் பாடுபட்டு வரவழைத்தவள் நான். நடைமேடைத் தூணுக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் "வா அம்மணி, நீயும் ஒரு டீ குடி" என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் இல்லை.

என் பெயர் வசுமதி. தபால் ஆபீசில் மூன்றாம் கவுண்டரில் வேலை. அப்பா ராசியப்பன் இருபத்தாறு வருஷம் அந்த பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். தகரம் வேய்ந்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடை, எத்தனை மணிக்குப் புறப்படும் என்று மைக்கில் சொல்வார். எங்கள் ஊரில் பஸ்ஸின் போர்டைப் படித்து ஏறுகிற பழக்கம் கிடையாது. படித்தவர்களும் படிக்க மாட்டார்கள். ராசியப்பன் சொன்னால் ஏறுவார்கள், சொல்லாவிட்டால் வண்டி கண்ணெதிரே நின்றாலும் மூட்டையின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குரலை அப்படி நம்பினார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு தைப்பூசத்தன்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் யாரோ ஒரு கண்டக்டரின் தாளில் கையெழுத்துப் போட வெளியே போயிருந்தார். மைக் கைக்கு எட்டுகிற இடத்தில், ஆன் செய்தபடியே இருந்தது. அப்பா எப்படிச் சொல்வாரோ அதே மாதிரி மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, பழனி செல்லும் பேருந்து ஐந்தாவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது என்று சொன்னேன். ஐந்தாவது நடைமேடையில் நின்றது தாராபுரம் வண்டி. மஞ்சள் வேட்டியும் காவடியும் பால் குடமுமாக நாற்பத்து மூன்று பேர் அரோகரா போட்டுக்கொண்டு அதில் ஏறி, முருகனைப் பார்க்கத் தாராபுரம் போய்ச் சேர்ந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது சொல்லியிருக்கிறார், ஆனால் டைம் கீப்பரே சொல்லிவிட்டாரே என்று அவரை யாரும் நம்பவில்லை. சாயங்காலம் திரும்பி வந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் திரிந்துபோன பாலை வைத்துக்கொண்டு டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்று அழுதார். அப்பாவுக்கு மெமோ வந்தது.

அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்றைக்கு நிறுத்தியவர்தான், அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தொன்பது வருஷம்! ஒரே வீட்டில், ஒரே அண்டாவில் தண்ணீர் மொண்டு குளித்துக்கொண்டு, ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டு. எங்கள் இருவருக்கும் நடுவே அம்மா சாந்தாமணி ஓடிக்கொண்டிருந்தாள். அப்பா சாப்பிடச் சொன்னாரு. மழை வருமாட்ட இருக்குதாம், கொடை எடுத்துட்டுப் போவச் சொன்னாரு. பரிட்சை எப்படிப் பண்ணுனேன்னு அப்பா கேட்டாரு. நானும் விட்டுக்கொடுக்காமல் அம்மாவிடமே பதில் சொல்லி அனுப்புவேன். அவர் நேராக ஒரு நாள் கூப்பிடுவார், 'வசு' என்று ஒரு தடவையாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வாசல்படியில் சாய்ந்தார். போயே போய்விட்டார். அந்தக் கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று இலையில் உட்கார்ந்து முதல் வாய் சோறு எடுத்து வைத்தேன், இறங்கவில்லை. அன்றிலிருந்து தொண்டையில் ஒரு உருண்டை. கஞ்சி இறங்கும், ரசம் இறங்கும், கரைத்த சோறு சண்டை போட்டு இறங்கும், அதற்கு மேல் ஒன்றும் இறங்காது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வயிற்று டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். திருஷ்டி கழித்தவரும் கடைசியில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு பதினோரு கிலோ இளைத்தேன். கோயமுத்தூரில் மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தார். பிறகு, மாத்திரை இவ்வளவுதான் செய்யும், நீங்கள் ஒருவரிடம் உட்கார்ந்து நெடுநாள் பேச வேண்டும், உங்கள் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நெடுநாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்டேன். அது தெரியாது என்றார்.

அந்த ஒருவர்தான் பியூலா. நாகர்கோயில்காரர், கணவருக்குக் கல்லூரியில் வேலை என்பதால் எங்கள் ஊருக்கு வந்தவர். டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் ஊர் அவரை டாக்டரம்மா என்றுதான் சொல்லும். மாவு மில்லின் மாடியில் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம். செவ்வாயும் வெள்ளியும் நாலு மணியிலிருந்து நாலு ஐம்பது வரை என்னுடைய நேரம். கால் மணி நேரம் தாமதமாகப் போனால் மிச்சமிருக்கிற முப்பத்தைந்து நிமிஷம்தான். போகாவிட்டாலும் அந்த நேரம் எனக்காகக் காலியாகவே கிடக்கும், வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டார். மனதில் எது வருகிறதோ அதைச் சொல்லுங்கள், சொல்லத் தகாதது என்று தோன்றினால் முதலில் அதையே சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குக் கொடுத்த மருந்து.

என்ன சொல்வது? நான் வாயை மூடினால் அவரும் வாயை மூடிக்கொள்வார். கீழே மில் ஓடிக்கொண்டிருக்கும், மிளகாய் அரைக்கிற நாட்களில் நானும் அவரும் மாறி மாறித் தும்முவோம், அந்தத் தும்மல்தான் அன்றைக்கு எங்களுக்குள் நடந்த உரையாடல். உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டால், தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பார். எனக்கு எப்போது சரியாகும் என்று கேட்டால், எப்போது என்னைவிட்டுப் போவது என்று யோசிக்கிறீர்களோ என்பார். எருமை மேல் மழை பெய்கிற மாதிரி அந்த மனுஷி உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே கிடையாது. வீட்டில் ஒருவர் பேசாமல் பத்தொன்பது வருஷம் என்னைச் சாகடித்தது போதாதென்று, தபால் ஆபீசிலிருந்து நடந்து வந்து, படியேறிப் போய், பேசாத இன்னொருவர் எதிரே உட்கார்ந்து வருகிறேனே, எனக்குப் பைத்தியமா என்று அவரிடமே கேட்டேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டுல இருந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு, இல்லையா?" என்றார்.

அடுத்த வாரம் அவருக்கு மீசை வந்தது.

முதலில் பூனை முடி மாதிரி, பிறகு கறுப்பும் வெள்ளையுமாய், நுனியில் வெற்றிலைக் காவி ஏறிய அப்பாவின் மீசை. டாக்டரம்மா, உங்களுக்கு மீசை வந்திருக்கிறது என்றேன். "அந்த மீசையைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோணுது?" என்றார். இந்த மாதிரி ஒரு பெண்ணை என்ன செய்வது? அதற்குப் பிறகு வாரம் ஒன்றாகக் காது வந்தது, நெற்றி வந்தது, இடது புருவத்தில் இருந்த தழும்பு வந்தது, கடைசியாகக் கண் வந்தது. நான் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை முகம் முழுசாக அப்பாவாகிவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை. அப்பாவின் வாயிலிருந்து ஒரு நாகர்கோயில் பெண்ணின் குரல் வந்தால் அதை அப்பா பேசியதாக எடுத்துக்கொள்ள முடியுமா? நான் எடுத்துக்கொள்ளவில்லை. முகம் வந்தும் அவர் என்னிடம் பேசவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் வெளியே போனால் கதை வேறு. டாக்டரம்மாவின் வீடு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி இருந்தது, போகிற வழியில் யாராவது நிறுத்திப் பேசினால் நின்று கேட்பது அவர் தொழில் பழக்கம். ஊருக்கு அது போதுமாக இருந்தது. முதலில் டிரைவர்கள் வந்தார்கள், பிறகு பூக்காரிகள் வந்தார்கள், பிறகு அமராவதி நகரிலிருந்தும் மூங்கில்தொழுவிலிருந்தும் பஸ் ஏறியே வந்தார்கள். மாமியார் கொடுமை, மகன் குடி, மாட்டுக்கு வந்த கோமாரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ராசியப்பண்ணங்கிட்டச் சொன்னாத்தான் மனசு ஆறுது" என்று முந்தானையை உதறிக்கொண்டு போனார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று அந்த வாய்கள் அசைவதைப் பார்த்துப் பார்த்து எரிந்தேன். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். ஊருக்கெல்லாம் ராசியப்பண்ணன், எனக்கு மட்டும் சுவர்.

ஒரு வருஷத்துக்குள் ஊர் இதற்கென்று ஒரு ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டது. செவ்வாய் வெள்ளி மாலை நாலு ஐம்பது முதல் டைம் கீப்பரைக் காணலாம் என்று டைம் ஆபீஸ் சுவரில் சுண்ணாம்பில் எழுதினார்கள். பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸிலிருந்து எனக்குப் போன் வந்தது, பங்காளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேருக்கு முன்னால் தெய்வத்திரு போடலாமா, வேண்டாமா என்று கேட்டார்கள். செவ்வாய் வெள்ளிகளில் வேண்டாம், மற்ற நாட்களில் போடலாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வருஷத் திதிக்குப் போனால் ஐயர் கை விரித்தார். ஆள் எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எள்ளும் தண்ணியும் விடுவது சாஸ்திரத்துக்கே அடுக்காதாம். காக்காய்க்கு வைத்த சோற்றை நாங்களே எடுத்து வந்தோம். அம்மா மட்டும் ஒரு தடவைகூட பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. வாயேம்மா, பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். முப்பது வருஷம் பார்த்த மூஞ்சிதானே என்று சொல்லிவிட்டு அரிசியைப் புடைக்கப் போனாள்.

டாக்டரம்மாவின் கணவர்தான் பாவம். அறையில் வந்த அப்பாவின் முகம் முதலில் அவர்கள் வீட்டு வாசல்வரை கலையாமல் இருந்தது, பிறகு ராத்திரி சாப்பாடு வரை இருந்தது, பிறகு மறுநாள் காலை பல் விளக்கும்வரை இருந்தது. உழவர் சந்தையில் என்னைப் பார்த்தவர் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் சீக்கிரம் பேசி முடித்தீர்களென்றால் புண்ணியமாகப் போகும் என்று கும்பிட்டார். நான் வெட்கம் தாங்காமல் இதை அறையில் சொன்னேன். இது என் வேலையில் வருவது, நான் பார்த்துக்கொள்கிறேன், இதைப் பற்றிப் பேச எனக்கும் ஒரு மூத்தவர் கோயமுத்தூரில் இருக்கிறார் என்று அப்பா முகத்தை வைத்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னார். அவர் போய்ப் பேசுகிற இடத்தில் அந்த மூத்தவருக்கு யார் முகம் வருமோ என்று அன்றைக்கு முழுதும் எனக்கு யோசனையாக இருந்தது.

மே மாதம் டாக்டரம்மா இரண்டு வாரம் லீவில் போனார். என்னிடம் மார்ச்சிலேயே தேதி சொல்லிவிட்டார், ஊரிடம் யார் சொல்வது? இரண்டு செவ்வாய், இரண்டு வெள்ளி, டைம் கீப்பர் வரவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் ஸ்டாம்ப் வாங்க வந்தவர்கள், அப்பாவை ஏன் இப்படி வெளியே விடாமல் அடைத்து வைத்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டார்கள். எனக்கே அவர் போனதில் நெஞ்சு வெந்து கொண்டிருந்தது, இதில் இவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். லீவு முடிந்து வந்ததும், முகூர்த்தங்களுக்கு அப்பா வர வசதியாகச் செவ்வாயைப் புதனாக மாற்ற முடியுமா என்று ஊர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "நேரத்தை மாத்தச் சொல்றது ஊர். உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. ஐம்பது நிமிஷமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் மாடியேற ஆரம்பித்த நாலாவது வருஷ முடிவில் ஒரு வியாழக்கிழமை நாச்சிமுத்து அண்ணன் கடையில் பசிக்கிறதென்று ஒரு தோசை கேட்டேன். பாதித் தோசை இறங்கியது, உண்மையாகவே இறங்கியது. சந்தோஷத்தில் நிமிர்ந்தால் அண்ணன் கரண்டியைப் பிடித்தபடி பேயறைந்தது போல நிற்கிறார். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு வியாபாரிகள் சங்கத்தார் பதினோரு பேர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அம்மா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். அண்ணன்தான் பேசினார்.

"அம்மணி, நீ நல்லாகறதுல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நீ ஒரேமுட்டா நல்லாகிப்போட்டீன்னா அப்பா வரமாட்டாரு பாரு, அப்புறம் நாங்க யாருகிட்டப் போறது? அதனால கொஞ்சம் மெல்ல ஆவு."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. நான் தோசை தின்பதற்கு ஊர்க்கூட்டமா? உங்கள் எல்லோரிடமும் பேசுகிறவர் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை, அதற்காக ஒரு ஆளாவது அவரிடம் கேட்டீர்களா, வக்காலத்து வாங்கினீர்களா என்று கேட்டேன். அவர் உங்களிடம் என்னதான் சொல்கிறார், ஒருவர் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், கேட்டுவிட்டு நான் வேண்டுமானால் பட்டினி கிடக்கிறேன் என்றேன்.

பதினோரு பேரும் யோசித்தார்கள். பழக்கடைக்காரர் வாயைத் திறந்து மூடினார். தாராபுரம் வண்டி டிரைவர் விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார். நாச்சிமுத்து அண்ணன் மோர் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அவரு எங்க அம்மணி பேசுனாரு. நாந்தான் சொல்லுவேன், அவரு கேட்டுக்குவாரு."

"சரி, இப்ப வேண்டாம். உசுரோட இருந்தப்பப் பேசுவாருல்ல?"

"பழனி நாலு அம்பது, மூணாவது நடைமேடைன்னு பேசுவாரு." அண்ணன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "இருவத்தாறு வருசம் டீ குடிச்சிருக்காரு. டீ எப்படி இருக்குதுன்னுகூடச் சொன்னதில்ல."

அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நான் அங்கேயே நின்றேன். இருபத்து நாலு வருஷமாக ஊர் முழுக்கப் பந்தி போட்டு எனக்கு மட்டும் இலை போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பந்தியே நடக்கவில்லை. அந்த மனிதரிடம் பஸ் நேரத்தைத் தவிர வேறு சொல்லே இருந்ததில்லை. இது தெரிந்து எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும், வந்தது கோபம்தான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கீழே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயதுங்கப்பா, என்றேன். அப்பா என்கிற சொல்லை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.

"எனக்குப் பன்னெண்டு வயசுங்கப்பா. மைக்கு கைக்கு எட்டுச்சு, பேசிப்புட்டேன். உங்களாட்டம் பேசணும்னு ஆசையா இருந்துச்சு, அதான் பேசுனேன். ரெண்டு அறை அறஞ்சிருந்தா அழுதுட்டுச் சோறு தின்னுருப்பேன். உங்களுக்குப் பேசத் தெரியாதுன்னா அதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? என்ற மேல தப்புன்னு நெனச்சு நெனச்சே எனக்கு முப்பத்தாறு வயசாச்சு."

தும்மினேன், அழுதேன், மறுபடி திட்டினேன். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள், நான் என் வாழ்நாளில் யாரையும் திட்டாத அளவுக்கு அவரைத் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மீசையில் தண்ணீர் இறங்கியது, அது மிளகாய் நெடியாலா வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. பதில் வரும் என்று நின்றேன். கீழே மில்லை நிறுத்தினார்கள். அந்த நிசப்தத்தில் மீசை உதிர்ந்தது, தழும்பு மறைந்தது, காது சின்னதானது, என் எதிரே வட்ட முகமும் சோர்ந்த கண்ணுமாக, என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இவர் முகம் இப்படித்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"அவர் ஒண்ணுமே சொல்லலை" என்றேன்.

"இல்லை. சொல்லலை. அவர் இறந்துட்டார், வசுமதி" என்றார்.

இது எனக்குத் தெரியாத செய்தியா? ஆனாலும் அப்போதுதான் கேட்பது மாதிரி இருந்தது. நேரம் முடியும்வரை அழுதேன். அவர் கூடவே இருந்தார்.

நாலு ஐம்பதுக்குக் கீழே கூடியிருந்தவர்கள், படியிறங்கி வந்த டாக்டரம்மாவைப் பார்த்து யாரோ பெண் என்று வழிவிட்டு, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நான்தான் வந்தேன். என் முகத்தைப் பார்த்து அவர்களுக்கே தெரிந்துவிட்டது. நாச்சிமுத்து அண்ணன் அடுப்பை அணைத்தார், கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின, எல்லா வண்டியும் அன்று நாலு நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது. துக்கம் கேட்க வெள்ளிக்கிழமை ஆகாது என்று ஞாயிறு வரை பொறுத்திருந்து ஊரே எங்கள் வீட்டுக்கு வந்தது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் கையை மட்டும் தொட்டுவிட்டுப் போனவர்கள் இந்த முறை என் கையையும் பிடித்துக்கொண்டார்கள். பூக்காரிகள் என்னைக் கட்டிக்கொண்டு மாரடித்து அழுதார்கள். எங்கள் கஷ்டத்தைக் கேட்டுக்கொள்ள இனி ஆருமில்லையே என்று அவர்கள் அழுதார்கள், நானும் அதற்கே அழுதேன்.

கூட்டம் போன பிறகு அம்மா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் தட்டில் இரண்டு இட்லி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் ஊரில் யாரிடமும் பேசவே இல்லையாம்மா, நம்ம வீட்டில்தான் உன் மூலமாகவாவது நாலு வார்த்தை பேசியிருக்கிறார், சாப்பிடச் சொன்னார், குடை எடுக்கச் சொன்னார் என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"அவரு எங்க சொன்னாரு. நாந்தான் சொன்னேன்."

"எது?"

"எல்லாந்தான்."

இட்லியை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷம் அவர் கேட்டார், அவர் சொன்னார் என்று நம்பித் தின்ற சோறெல்லாம் இவள் போட்டதா? நாளெல்லாம் ஓடி ஓடி என்னைக் கேட்டவளும் பார்த்தவளும் இவள்தானா, நான் நன்றியையெல்லாம் கொண்டுபோய் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தேனா? அழலாமா, அவளைக் கட்டிக்கொள்ளலாமா என்று தடுமாறினேன். அப்புறம்தான் மடத்துக்குளத்து வாத்தியாரின் ஞாபகம் வந்தது. எனக்கு இருபத்தைந்து வயதில் பெண் பார்க்க வந்தவர், காபி டம்ளரைத் தானே எடுத்துப் போய்க் கழுவி வைத்தவர். அப்பா வேண்டாமென்றுவிட்டார் என்று அன்று ராத்திரி அம்மா சொன்னாள். அதுவும் நீதானா என்று இப்போது கேட்டேன்.

அம்மா ஒரு மொச்சையை உரித்து, பருப்பை முறத்தில் போட்டு, தோலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு நல்ல பையன்னு தலையாட்டுனாரு. நாந்தான் வேண்டாம்னேன். நீயும் போயிட்டீன்னா இந்த ஊட்டுல நான் யாருகூடப் பேசறது கண்ணு?"

எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன். நல்ல ஆத்திரம், நல்ல பரிதாபம், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி எதைப் பிடிப்பாள்? திங்கட்கிழமை முழுக்க கவுண்டரில் தப்புத் தப்பாக முத்திரை குத்தினேன்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மாடியேறினேன். இன்னும் கொஞ்ச நாளில் இந்த வைத்தியத்தை முடித்துக்கொள்ளலாம், எப்படி முடிப்பது என்று பேசலாம் என்று படியேறும்போதே சொல்லிக்கொண்டுதான் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், டாக்டரம்மாவின் மூக்கில் என் அம்மாவின் ஏழு கல் மூக்குத்தி.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்பாவாவது செத்தவர். அம்மா உயிரோடு, நாலு தெரு தள்ளி, இந்நேரம் அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் இரண்டு மாதத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒரு சாந்தாமணியும் வீட்டில் ஒரு சாந்தாமணியும் இருக்கப் போகிறார்கள், ஊர் அதற்கும் சுவரில் சுண்ணாம்பால் நேரம் எழுதிப் பழகிக்கொள்ளும், அந்தக் கணவர் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கும்பிடுவார். இன்னொரு நாலு வருஷம். என்னால் முடியாது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கதவுவரை போனேன். அவர் தடுக்கவில்லை, கூப்பிடவில்லை, அவர் வழக்கம் தெரிந்ததுதானே. திரும்பிப் பார்த்தேன். அந்த மூக்குத்தி என்னையே பார்த்துக்கொண்டு, யாரோ வந்து பேச வேண்டுமென்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

கடிகாரத்தில் நாலு மணி இரண்டு நிமிஷம். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு அந்த வாத்தியாரப் புடிச்சிருந்துச்சும்மா" என்றேன்.